முட்டை கலக்கி

செகெட் நகரக் குளத்தில் பதினெட்டு வருடம்
வாட்டர் போலோ ஆடினேன்.
தடுப்பாட்டம். நீலத் தொப்பி, எண் இரண்டு.
தோளில் இரண்டு முறை கத்தி வைத்தார்கள்.
மூன்றாவது முறை கேட்டபோது
மருத்துவர் ஜன்னல் வழியே திஸா ஆற்றைப் பார்த்தார்.

இப்போது கரையில் நிற்கிறேன்,
ரப்பர் செருப்பும் விசிலுமாக.
இத்தனை காலம் குடியிருந்த இடத்தை
மேலிருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை.
இவ்வளவு சின்னதா?

பயிற்சியாளர் சான்றிதழுக்கான வகுப்பு.
எங்களை மதிப்பிட வந்தவள் எனிகோ.
வயது இருபத்தாறு.
பள்ளி அணியில் பெஞ்சைச் சூடாக்கியதோடு சரி.
"தண்ணீரில் நிமிர்ந்து நிற்கிறீர்களே,
அந்த உதையை விளக்குங்கள்" என்றாள்.
சிரித்தேன்.
முட்டை கலக்கி மாதிரி, ரெண்டு காலும் எதிரெதிராகச் சுற்றும்.
"முதலில் அசைவது முழங்காலா, குதிகாலா?
பாதம் எந்த இடத்தில் திரும்புகிறது?"
வாயைத் திறந்தேன்.
உள்ளே காற்று மட்டும் இருந்தது.

அன்றிரவு
சமையலறை மேஜை விளிம்பில் உட்கார்ந்து
கால்களைத் தொங்கவிட்டுச் சுழற்றினேன்.
பிடிக்கத் தண்ணீர் இல்லாமல் தடுமாறின.
நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும்
கூச்சப்பட்டு எல்லாவற்றையும் மறந்தன.
அடுப்படியில் பார்னா,
"யாரை உதைக்கிறாய்?" என்று கேட்டான்.
நிஜமாகவே அவன் கையில் முட்டை.

பதினொன்றரைக்குப் பிடிபட்டது.
குதிகால் இடுப்பை நோக்கி ஏறும்.
பாதம் வெளியே திரும்பும்.
கெண்டைக்காலின் உள்பக்கம்தான் தண்ணீரை அழுத்தும்.
கூடவே இன்னொன்றும்:
என் இடது கால் பாதி வேலைதான் செய்கிறது.
பதினெட்டு வருடமும் சற்றுச் சாய்ந்தே மிதந்திருக்கிறேன்.
ஒருவரும் சொல்லவில்லை.
ஜெயித்துக்கொண்டிருப்பவளிடம் யார் சொல்வார்கள்.

முதல் பயிற்சி. பதினோரு சிறுமிகள்.
முடிந்ததும் எனிகோ ஒரு தாளை நீட்டினாள்.
அறுபது நிமிடத்தில் நான் பேசியது முப்பத்தேழு.
"நான் ஆடினப்போ" பதினான்கு தடவை.
பிள்ளைகள் சுவரைப் பிடித்தபடி நடுங்கியது,
அதற்கும் ஒரு கட்டம் போட்டு நிரப்பியிருந்தாள்.
கடைசி வரி:
"நான்காம் நிமிடம், பொர்பாலா தானாகவே சரியாகச் செய்தாள்.
நீங்கள் பேசிக்கொண்டிருந்தீர்கள்."

கார் நிறுத்துமிடத்தில்
ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அவளைத் திட்டினேன்.
ஒரு கோல் தடுத்திருப்பாளா?
ஒரு முழங்கை வாங்கியிருப்பாளா விலாவில்?
கண்ணாடி முழுக்க என் மூச்சு படிந்து
வெளியே எதுவும் தெரியவில்லை.
துடைத்துவிட்டுத்தான் வண்டியை எடுக்க முடிந்தது.

அடுத்த வாரம் ஒரே வாக்கியம் சொன்னேன்:
"உள்ளங்கால் கரையைப் பார்க்கட்டும்."
அதன் பிறகு விசிலைப் பல்லால் கடித்துக்கொண்டேன்,
ஊதுவதற்கல்ல.
வில்மா மூழ்கினாள், எழுந்தாள், இருமினாள்.
நாக்கு நுனியில் ஏழு திருத்தங்கள்.
செருப்புக்குள் என் விரல்கள்
அவளுக்காகச் சுழன்றுகொண்டிருந்தன.
பதினெட்டாம் நிமிடம் அவள் தோள்கள்
தண்ணீருக்கு மேலே வந்தன.
என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
கொஞ்சம் வலித்தது, மறைப்பானேன்.

ஞாயிறன்று பழைய ஆட்டக்காரிகளின் நட்பு ஆட்டம்.
ஓர் ஆள் குறைகிறது, வா என்றார்கள்.
தோள் பரவாயில்லை என்று பொய் சொல்லி இறங்கினேன்.
குளிர் என்னை அடையாளம் கண்டுகொண்டது.
ஆனால் கால்கள்,
ஒவ்வொரு சுற்றுக்கும் என்னிடம் அனுமதி கேட்டன.
குதிகால், பாதம், அழுத்து என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்த நொடியில்
பந்து தலைக்கு மேல் போய்
வலையில் விழுந்த சத்தம் கேட்டது.

நான் தண்ணீருக்கடியில் இருந்தேன், கண் திறந்தபடி.
எதிரணி ஏழாம் எண்ணின்
வலது பாதம் திரும்பவே இல்லை.
ஆட்டம் முடிந்ததும் சொல்ல வேண்டும்.
இல்லை,
முதலில் கேட்க வேண்டும்.